வால் எங்கே இருக்க வேண்டும்? போர்விமானக் கட்டுப்பாட்டுப் பரப்புகளின் இடமும் மறைதிறன், திரும்புதிறன் இரண்டுக்குமான இழுபறியும்

1. ஆய்வுப் பொருள்

2024 அக்டோபர் 6 அன்று சென்னை மெரினாவில் இந்திய விமானப்படையின் 92-ஆம் ஆண்டு விழா நடந்தது. தேஜஸ், சுகோய்-30, ரஃபேல் மூன்றும் அன்று ஒரே வானில் பறந்தன. பார்த்தவர்களின் நினைவில் ஒலியும் வேகமும் நின்றிருக்கும். மூன்றின் வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விந்தை புரியும். தேஜஸுக்குக் கிடைவாட்டு வால் கிடையாது. ரஃபேலுக்கும் பின்னால் கிடைவால் இல்லை, ஆனால் விமானி அறைக்குப் பக்கத்தில் கானார்ட் எனப்படும் இரண்டு முன்சிறகுகள் உண்டு. சுகோய்க்கு முன்சிறகும் உண்டு, இறக்கையும் உண்டு, கிடைவாலும் உண்டு, செங்குத்து வால் இரண்டும் உண்டு. மூன்றும் ஒரே காற்றில் ஒரே வேலையைச் செய்யும் இயந்திரங்கள். அப்படியிருக்க, மூக்கைத் தூக்குவதற்கும் உடலைச் சாய்ப்பதற்குமான பரப்புகள் மூன்றிலும் வெவ்வேறு இடங்களில் ஏன் இருக்கின்றன?

இக்கட்டுரை அந்த ஒரு கேள்வியை இரண்டு அளவுகோல்களில் நிறுத்திப் பார்க்கிறது. ஒன்று, எதிரியின் ராடாருக்குத் தென்படாமல் இருக்கும் மறைதிறன். மற்றது, நினைத்த கணத்தில் நினைத்த பக்கம் உடலைத் திருப்பும் திரும்புதிறன். ராடார் அலையை விழுங்கும் பூச்சுகளும் என்ஜின் வெப்பத்தை மறைக்கும் வழிகளும் தனி ஆய்வுக்கு உரியவை, அவற்றைத் தொடவில்லை. சான்றுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தே எடுக்கப்பட்டுள்ளன. தேஜஸ் படைப்பிரிவைச் சூலூரும் சுகோய் படைப்பிரிவைத் தஞ்சாவூரும் கொண்டிருப்பதால் இரண்டு எதிரெதிர் வடிவக் கொள்கைகளும் நம் மாநிலத்திலேயே ஒப்பீட்டுக்குக் கிடைக்கின்றன.

2. நெம்புகையும் நிலைப்பும்

எந்த விமானமும் தன் ஈர்ப்பு மையத்தைச் சுற்றித்தான் திரும்புகிறது. கட்டுப்பாட்டுப் பரப்பு அந்த மையத்திலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் பிடி வலுக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர் வட்டத்தில் கிணற்று ஏற்றம் இறைத்ததைக் கண்ட முதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: துலாமரத்தின் நீளம் கூடினால் சிறிய பாரமே நீர் நிறைந்த சாலைத் தூக்கிவிடும். வாலை வெகுதொலைவு பின்னால் வைத்தால் சிறிய வாலே போதும். இறக்கையின் பின்விளிம்பிலேயே கட்டுப்பாட்டை வைத்தால் கரம் குறுகிவிடும். அதை ஈடுகட்டப் பரப்பு பெரிதாக வேண்டும், அல்லது அதிகக் கோணத்துக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்தது நிலைப்பு. பழைய வகை விமானத்தில் ஈர்ப்பு மையம் தூக்குவிசை மையத்துக்கு முன்னால் இருக்கும். காற்று மூக்கைத் தூக்கிவிட்டாலும் அது தானாகவே இறங்கிவிடும். பயணிகள் விமானத்துக்கு இது வரம். போர்விமானத்துக்கோ இது சுமை: மூக்கு எப்போதும் கீழே சாயப் பார்க்கும், அதைத் தடுக்க வால் எப்போதும் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கும், இறக்கை உண்டாக்கிய தூக்குவிசையில் ஒரு பகுதி அதற்கே செலவாகும். ஆகவே கடந்த ஐம்பது ஆண்டுகளில் வடிவமைப்பாளர்கள் ஈர்ப்பு மையத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். விமானம் வேண்டுமென்றே நிலைப்பற்றதாக்கப்பட்டது. அதன் மூக்கு சற்றே எழும்பினாலும் மேலும் மேலும் எழும்பவே பார்க்கும். மனிதக் கை அதைப் பிடித்து நிறுத்த முடியாது. ஒரு நொடிக்குள் பலமுறை கணக்கிட்டுப் பரப்புகளை அசைக்கும் கணினியே நிறுத்துகிறது. விமானி குச்சியை அசைத்துத் தன் விருப்பத்தைச் சொல்கிறார். எந்தப் பரப்பு எவ்வளவு அசைய வேண்டும் என்பதைக் கணினி தீர்மானிக்கிறது. ஃப்ளை-பை-வயர் என்று சொல்லப்படுவது இதுதான்.

இந்தக் கணினி வந்த பிறகு வாலின் இடம் பற்றிய பழைய கட்டாயங்கள் தளர்ந்தன. பரப்புகளை இடம் மாற்றலாம், சிலவற்றை நீக்கவும் செய்யலாம் என்ற நிலை உருவானது. மறைதிறனுக்கான வடிவங்களும் இதன் பிறகே பிறந்தன. 1977 டிசம்பர் 1 அன்று முதலில் பறந்த அமெரிக்காவின் ஹேவ் புளூ என்ற சோதனை விமானம் கணினியின் உதவியின்றிப் பறக்கவே முடியாத வடிவம் கொண்டது.

3. ராடாருக்கு எது தெரிகிறது

ராடார் பார்ப்பது விமானத்தின் பருமனை என்று பலரும் எண்ணுகிறார்கள். வந்த திசைக்கே திரும்பும் அலையின் அளவையே அது பார்க்கிறது. அந்த அளவைக் குறிப்பது ராடார் குறுக்குவெட்டுப் பரப்பு. இதில் கடுமையான கணக்கு ஒன்று உண்டு. விமானம் தென்படும் தொலைவு இந்தப் பரப்பின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. அதாவது தென்படும் தொலைவைப் பாதியாக்க, எதிரொலியை 16-இல் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமானால் 10,000-இல் ஒரு பங்கு. சிறு திருத்தங்கள் இங்கே ஏறக்குறையப் பயனற்றவை. மூலைமுடுக்கெல்லாம் சேர்த்துத் திருத்தினால்தான் பலன் தெரியும். ஒரே ஒரு தவறான வால் மற்ற எல்லா உழைப்பையும் வீணாக்கிவிடும்.

கட்டுப்பாட்டுப் பரப்புகள் மறைதிறனைக் கெடுக்கும் வழிகளில் முதன்மையானது செங்கோண மூலை. கிடைவாலும் செங்குத்து வாலும் 90 பாகையில் சந்தித்தால், அந்த மூலைக்குள் புகுந்த அலை இரண்டு முறை மோதி வந்த வழியே திரும்பிவிடும். மறைதிறன் விமானங்களின் செங்குத்து வால்கள் சாய்ந்து நிற்பது இதனால்தான். அடுத்தது விளிம்புகள். ஒவ்வொரு நேர்விளிம்பும் தனக்குச் செங்குத்தான திசையில் கூர்மையான எதிரொலியைத் தரும். விளிம்புகளை ஒன்றுக்கொன்று இணையாக அமைத்தால் எதிரொலிகள் சில திசைகளில் மட்டும் குவிந்து, மற்றத் திசைகள் அமைதியாகும். எஃப்-22 விமானத்தின் இறக்கை முன்விளிம்பும் கிடைவால் முன்விளிம்பும் ஒரே 42 பாகைச் சாய்வில் இருப்பது அழகுக்காக அன்று. கீல்களும் இடைவெளிகளும் வேறு உண்டு. அசையும் எந்தப் பரப்புக்கும் அவற்றைத் தவிர்க்க முடியாது.

எல்லாவற்றையும்விட நுட்பமானது அசைவு. மேசைமேல் வரைந்த வடிவத்தில் விளிம்புகள் இணையாக இருக்கலாம். விமானி கூர்மையாகத் திரும்பும் கணத்தில் பரப்புகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்துக்குப் போய்விடும். இணை குலையும், இடைவெளி திறக்கும். மறைதிறன் அதிகபட்சமாக இருப்பது நேராகப் பறக்கும்போதுதான். திரும்பும் ஒவ்வொரு முறையும் அதில் கொஞ்சம் செலவாகிறது. இரண்டு அளவுகோல்களும் மோதிக்கொள்ளும் இடம் இது.

அலைநீளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். போர்விமானங்களின் மூக்கு ராடார்கள் சுமார் 3 சென்டிமீட்டர் அலைநீளத்தில் இயங்குகின்றன. தரையிலுள்ள சில கண்காணிப்பு ராடார்களின் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருக்கும். வாலின் அளவும் அலைநீளமும் நெருங்கும்போது ஒத்ததிர்வு உண்டாகி, சாய்வும் இணைவிளிம்பும் பெரிதாக உதவாமல் போகின்றன. அங்கே வாலைச் சாய்ப்பது போதாது. வால் இல்லாதிருப்பதே தீர்வு.

4. சூலூர்: கிடைவால் துறந்த முக்கோணம்

இலகு போர்விமானத் திட்டத்துக்கு 1983-இல் ஒப்புதல் கிடைத்தது. முதல் பறப்பு 2001 ஜனவரி 4. பெங்களூரில் உருவான முதல் தேஜஸ் படைப்பிரிவு 2018-இல் சூலூருக்கு வந்தது. 2020 மே 27-இல் 18-ஆம் படைப்பிரிவு அதே தளத்தில் தேஜஸுடன் மறுபிறப்பு எடுத்தது.

தேஜஸின் நீளம் 13.2 மீட்டர், இறக்கை விரிவு 8.2 மீட்டர். இந்த அளவு விமானத்தில் கிடைவாலை வைத்தால் எடையும் இழுவையும் கூடும். ஆகவே முக்கோண இறக்கையின் பின்விளிம்பிலேயே, பக்கத்துக்கு இரண்டாக எலிவான்கள் பொருத்தப்பட்டன. இரண்டு பக்கமும் சேர்ந்து அசைந்தால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும். எதிரெதிராக அசைந்தால் உடல் உருளும். இறக்கையின் முன்விளிம்பில் மூன்று துண்டாக அசையும் ஸ்லாட்டுகள் உண்டு. உள்பகுதியில் 50 பாகையும் வெளிப்பகுதியில் 62.5 பாகையுமாக முன்விளிம்பே இரண்டு சாய்வுகளில் மடங்கி நிற்கிறது. பின்னால் ஒரே ஒரு செங்குத்து வால், அதில் சுக்கான்.

முக்கோணமும் எலிவானும் சேர்ந்த வடிவத்துக்கு ஒரு பழைய நோய் உண்டு. கரம் குறுகியது என்பதால் மூக்கைத் தூக்க எலிவான் பெரிதாக மேலே மடிய வேண்டும். மேலே மடிந்த எலிவான் இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும். உயர வேண்டிய விமானம் முதலில் சற்றே தாழும். தரையிறங்கும்போது வேகம் அதிகமாக வேண்டும். பிரான்சின் முதல் மிராஜ் முக்கோணங்கள் இந்த நோயோடுதான் பறந்தன. நிலைப்பைத் தளர்த்தியது இதற்கு மருந்தாயிற்று. ஈர்ப்பு மையம் பின்னால் இருக்கும்போது சமநிலைக்காக எலிவான் மேலே மடிய வேண்டியதில்லை. கீழ்நோக்கி நின்று தூக்குவிசையில் சேர்ந்துகொள்கிறது.

அந்த மருந்தைத் தயாரித்த கதையை இங்கே நின்று சொல்ல வேண்டும். நிலைப்பற்ற விமானத்தின் உயிர் அதன் கட்டுப்பாட்டு விதிகளில் இருக்கிறது. எந்த வேகத்தில், எந்த உயரத்தில், காற்றை இறக்கை சந்திக்கும் எந்தத் தாக்குகோணத்தில் எலிவான் எவ்வளவு அசைய வேண்டும் என்ற கணிதமே கட்டுப்பாட்டு விதி. இதை எழுத 1992-இல் பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. அமெரிக்க நிறுவனத்தின் ஒத்துழைப்பும் இருந்தது. 1998 மே மாதப் பொக்ரான் அணுச் சோதனையை அடுத்து அமெரிக்கத் தடை வந்தது, அங்கிருந்த நம் பொறியாளர்கள் திரும்பி வர வேண்டியதாயிற்று. மீதி வேலையை இங்கேயே முடித்தார்கள். நான்கு தடங்களில் ஒரே கணக்கைத் தனித்தனியே போட்டு ஒப்பிடும் பறப்புக் கணினியும் இங்கேயே உருவானது. தேஜஸுக்கு வெளிநாட்டு என்ஜின் என்று குறை சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. என்ஜினை விலைக்கு வாங்கலாம். நிலைப்பற்ற விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கணிதத்தை எந்த நாடும் மனமுவந்து விற்பதில்லை.

மறைதிறன் அளவுகோலில் தேஜஸ் எங்கே நிற்கிறது? அது மறைதிறன் விமானமாக வடிவமைக்கப்பட்டதன்று. ஆயுதங்கள் வெளியே தொங்குகின்றன; செங்குத்து வால் நேராக நிற்கிறது, பக்கவாட்டிலிருந்து நோக்கும் ராடாருக்கு அது நல்ல இலக்கு. ஆனால் கிடைவால் இல்லாததால் வாலடியில் உண்டாகும் செங்கோண மூலைகள் குறைந்துவிட்டன. முன்னாலிருந்து பார்க்கும் ராடாருக்கு அசையும் முன்சிறகும் இல்லை. காற்றுநுழைவுக் குழாய் வளைந்து செல்வதால் என்ஜின் முகப்பின் சுழலும் தகடுகளும் நேரடியாகத் தெரிவதில்லை. சிறிய உருவமும் கலப்புப் பொருள் உடலும் சேர, முன்பக்க எதிரொலி தன் தலைமுறைக்குக் குறைவாகவே இருக்கிறது. கேட்காமல் கிடைத்த இந்த நன்மையில் பெரும்பங்கு பரப்புகளின் இடத்தால் வந்தது.

கடற்படைக்கான தேஜஸில் இதே வடிவம் வேறொரு சோதனையைச் சந்தித்தது. கப்பல் தளத்தில் இறங்க வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அதற்காக இறக்கை வேரின் முன்னால் லெவ்கான் எனப்படும் அசையும் முன்நீட்சி சேர்க்கப்பட்டது. 2012 ஏப்ரல் 27-இல் அவ்வடிவம் பறந்தது. 2020 ஜனவரி 11-இல் ஐ.என்.எஸ். விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது. லெவ்கான் இறக்கையோடு ஒட்டியே இருப்பதால், தனியே நீட்டிக்கொண்டு நிற்கும் கானார்ட்டைவிட ராடாருக்குக் குறைவாகவே இடம் கொடுக்கும். ரஷ்யாவின் சுகோய்-57 இதே வழியைத் தேர்ந்திருப்பது தற்செயலானது என்று நான் எண்ணவில்லை.

5. தஞ்சாவூர்: எல்லாம் உள்ள விமானம்

2020 ஜனவரி 20 அன்று தஞ்சாவூரில் 222-ஆம் படைப்பிரிவு சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் தொடங்கப்பட்டது. சுமார் 22 மீட்டர் நீளமுள்ள இந்த விமானம் தேஜஸுக்கு எல்லா வகையிலும் எதிர்மறை. முன்சிறகு இறக்கைமேல் வலிய காற்றுச்சுழலை அனுப்பி, அதிகத் தாக்குகோணத்திலும் காற்றோட்டம் இறக்கையை விட்டுப் பிரியாமல் காக்கிறது. கிடைவால்கள் நீண்ட கரத்தில் நின்று மூக்கை ஏற்றி இறக்குகின்றன. இரண்டு செங்குத்து வால்கள் அகன்று நிற்கின்றன. உடலின் நிழலில் ஒற்றை வால் மறைந்துபோகும் கோணங்களிலும் சுக்கானுக்குப் பிடி கிடைக்கிறது. இவை எல்லாம் செயலிழக்கும் அளவுக்கு வேகம் குறைந்த பிறகும் என்ஜின் வாய்கள் 15 பாகை வரை திரும்பி உடலைச் சுழற்றுகின்றன. திரும்புதிறனில் உலகின் முன்வரிசையில் நிற்கும் விமானம் இது.

விலை ராடாரில் தெரியும். நேராக நிற்கும் இரண்டு செங்குத்து வால்கள், அருகிலேயே கிடைவால்கள், முன்னால் அசையும் கானார்ட்: மூன்றாம் பிரிவில் சொன்ன குற்றங்கள் அனைத்தும் ஒரே உடலில் இருக்கின்றன. எனினும் தஞ்சாவூர் விமானத்தின் முக்கியப் பணியைப் பார்த்தால் இதைக் குறையாகச் சொல்ல முடியாது. சுமார் இரண்டரை டன் எடையுள்ள பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமந்து, இந்தியப் பெருங்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்தே ஏவும் விமானம் எதிரியை நெருங்கி ஒளிய வேண்டியதில்லை. வேலைக்கு ஏற்ற உடல்.

6. கானார்ட் என்ற வழக்கு

ஸ்வீடனின் விக்கன் 1967-இல் பறந்தது முதல் ஐரோப்பா கானார்ட்டை விரும்பி வந்திருக்கிறது. ரஃபேல், யூரோஃபைட்டர், கிரிப்பன் மூன்றும் அதன் வழிவந்தவை. நம் தேஜஸ் மார்க்-2 வடிவத்திலும் முன்சிறகு சேர்ந்திருக்கிறது. நீண்ட உடலும் கூடுதல் சுமையும் கொண்ட விமானத்துக்கு அது தேவை. முக்கோணத்தின் குறுகிய கரத்துக்கு முன்னாலிருந்து துணை கிடைக்கிறது.

ஆனால் சுகோய் குடும்பத்தின் வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. சுகோய்-27-இல் கானார்ட் இல்லை. சுகோய்-30 எம்.கே.ஐ.-இல் வந்தது. பின்னர் வந்த சுகோய்-35-இல் மீண்டும் நீக்கப்பட்டது, ஏனெனில் திசைமாறும் உந்துவிசையும் மேம்பட்ட கட்டுப்பாட்டு விதிகளும் அதன் வேலையை ஏற்றுக்கொண்டன. சுகோய்-57-இல் லெவ்கானாக வேறு உருவெடுத்தது. இந்த வரிசையில் மறைதிறனின் அழுத்தம் கூடக்கூட முன்சிறகு பின்வாங்குகிறது. இதற்கு எதிராகச் சீனாவின் ஜே-20-ஐக் காட்டுவார்கள். 2011 ஜனவரி 11-இல் முதலில் பறந்த அந்த மறைதிறன் விமானத்துக்குக் கானார்ட் இருக்கிறது. கானார்ட்டை இறக்கையோடு ஏறக்குறைய ஒரே தளத்தில் வைத்து, நேர்ப்பறப்பில் குறைவாக அசைத்தால் முன்பக்க எதிரொலியைக் கட்டுக்குள் வைக்கலாம் என்பது உண்மை. கூர்மையாகத் திரும்பும்போது அந்தக் கட்டு தளரும் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

7. ஆம்காவின் தேர்வு

இந்தியாவின் ஐந்தாம் தலைமுறைத் திட்டமான ஆம்காவுக்கு 2024 மார்ச்சில் சுமார் 15,000 கோடி ரூபாய் ஒப்புதல் கிடைத்தது. 2025 பிப்ரவரியில் பெங்களூரு ஏரோ இந்தியாவில் முழு அளவு மாதிரி வைக்கப்பட்டது. அதில் கானார்ட் இல்லை. சாய்ந்த இரட்டைச் செங்குத்து வால்கள், அவற்றுக்குக் கீழே இறக்கையை அடுத்து நிற்கும் கிடைவால்கள், உடலுக்குள்ளேயே ஆயுத அறை.

புதுமை போதவில்லை என்று இதைக் குறைகூறுகிறவர்கள் உண்டு. என் மதிப்பீடு வேறு. கிடைவால் இறக்கையின் பின்னால் நிற்கும்போது முன்னாலிருந்து வரும் அலைக்கு அது பெரும்பாலும் இறக்கையின் மறைவில் இருக்கிறது. முன்பக்கமே விமானம் எதிரியை நோக்கிச் செல்லும் பக்கம். மறைதிறன் அங்கேதான் முதலில் வேண்டும். நீண்ட கரத்தில் நிற்பதால் கிடைவால் சிறிது அசைந்தாலே போதும், இணைவிளிம்பு அதிகம் குலைவதில்லை. எஃப்-22-உம் எஃப்-35-உம் இதே இடத்தில்தான் வந்து நின்றன. 1990-இல் எஃப்-22-இன் முன்வடிவோடு போட்டியிட்ட ஒய்.எஃப்-23, நான்கு வால்களை இரண்டு சாய்வால்களாகச் சுருக்கிய துணிச்சலான விமானம். 1991-இல் அமெரிக்க விமானப்படை மற்றதைத் தேர்ந்தது. முதன்முறையாக மறைதிறன் போர்விமானம் செய்யும் நாடு, கட்டுப்பாட்டுச் சிக்கல் குறைந்த வடிவத்தைத் தேர்வதே அறிவு.

8. வால் நீங்கிய வடிவங்கள்

அமெரிக்காவின் பி-2 குண்டுவிமானம் 1989 ஜூலை 17-இல் வாலே இல்லாமல் பறந்தது. இறக்கை நுனியில் மேலும் கீழுமாகப் பிளந்து திறக்கும் சுக்கான்கள் ஒரு பக்கத்தில் இழுவையை உண்டாக்கி விமானத்தைத் திருப்புகின்றன. குண்டுவிமானத்துக்கு அது போதும். போர்விமானத்தின் வேகத் திருப்பங்களுக்குப் போதுமா என்பதை நாசாவின் எக்ஸ்-36 என்ற சிறு மாதிரி 1997-இல் சோதித்தது. வாலுக்குப் பதில் கானார்ட், இறக்கைப் பின்விளிம்பில் பிளவுபடும் எய்லரான், திசைமாறும் உந்துவிசை மூன்றும் அதில் சேர்ந்து உழைத்தன. 2024 டிசம்பரில் சீனாவின் செங்டு நகர வானில் தென்பட்ட பெரிய விமானத்துக்கும் செங்குத்து வால் இல்லை.

இந்தியாவும் இந்த வழியில் அடியெடுத்து வைத்துவிட்டது. கர்நாடகத்தின் சித்ரதுர்கா சோதனைத் தளத்தில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஆளில்லாப் பறக்கும் இறக்கை 2022 ஜூலை 1-இல் முதலில் பறந்தது. 2023 டிசம்பரில் வாலற்ற வடிவத்தில் அதன் பறப்பு அறிவிக்கப்பட்டது. செங்குத்து வால் இல்லாத விமானம் பக்கவாட்டில் தானாக நேர்ப்படாது. அதைப் பிடித்து நிறுத்துவதும் கட்டுப்பாட்டு விதியே. 1992-இல் தேஜஸுக்காகத் தொடங்கிய கணிதம் வளர்ந்து நிற்கும் இடம் இது.

9. காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இதில் என்ன வேலை

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் முனைகளாகச் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சி குறிக்கப்பட்டுள்ளன. காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் வானூர்திப் பூங்கா இருக்கிறது. உத்திரமேரூர்க் கிராமங்களின் பட்டயப் படிப்பு முடித்த பிள்ளைகளுக்கு அங்கே உதிரிபாகம் கடையும் வேலை கிடைத்தால் மகிழ்ச்சியே. ஆனால் பரப்பை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர்கள் கடைசல் பட்டறையில் இல்லை. அவர்கள் வகைக்கெழுச் சமன்பாட்டோடும் காற்றுச் சுரங்கத்தோடும் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அந்த இருக்கைகளுக்கு நம் பிள்ளைகள் போக வேண்டும். மாவட்டத்துப் பொறியியல் கல்லூரிகள் பறப்பு இயக்கவியலையும் கட்டுப்பாட்டுக் கோட்பாட்டையும் விருப்பப் பாடம் என்று ஒதுக்காமல், இறக்கை மாதிரி செய்து பறக்கவிட்டுத் தரவு எடுக்கும் ஆய்வகத்தோடு கற்பிக்க வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் பேருந்துத் தொலைவில் இருக்கின்றன. அங்குள்ள விமானவியல் ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது உத்திரமேரூர் அரசுப் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களிடம் வந்து இந்தக் கணிதத்தைத் தமிழில் பேச வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர்கள் அழைப்புக் கடிதத்தை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.